பாலும் நெய்யும் பக்கிரிசாமியின் கண்ணும்

எண்ணூற்று நாற்பது. பத்தைத் தாண்டக்கூடாத ஓர் இரத்தக் கணக்கில் பக்கிரிசாமி வாங்கிய மதிப்பெண் இது. பைராம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலும் சரி, அதற்குப் பிறகு எங்கேயும் சரி, எந்தத் தேர்விலும் அவர் இப்படி வாரிக் குவித்ததில்லை. அளக்கப்பட்ட பொருளின் பெயர் ஃபைட்டானிக் அமிலம். கொழுப்பு அமிலங்களில் ஒன்று. பாலில் இருக்கிறது, நெய்யில் இருக்கிறது, ஆட்டுக்கறியில் இருக்கிறது. ஊரில் எல்லோரும் சாப்பிடுகிறார்கள். எல்லோருடைய உடம்பும் அதை உடைத்துப் போட்டுவிடுகிறது. பக்கிரிசாமியின் உடம்பு மட்டும் நாற்பத்து நான்கு வருடமாக அதைப் பத்திரமாகச் சேர்த்து வைத்தது. வாழ்க்கையில் அவர் உருப்படியாகச் சேர்த்தது அது ஒன்றுதான் என்பார் அவர் மனைவி காமினி.

பினாங்கில் ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் குடியிருப்பவர் பக்கிரிசாமி. ஜார்ஜ் டவுன் சாப்பாட்டுக் கடைகளுக்குச் சமையல் கேஸ் சிலிண்டர் கொண்டுபோய்ப் போடுவது தொழில். இதில் விசேஷம், நினைவு தெரிந்த நாளிலிருந்து அவருக்கு மூக்கு வேலை செய்யாது. ஊதுபத்தியும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான். கேஸ் கசிந்தால் முதலில் தெரியவேண்டிய மனிதருக்குக் கடைசியில்தான் தெரியும். அதனால் அவர் எந்த வால்வையும் நம்பமாட்டார். சோப்பு நுரையைக் கிண்ணத்தில் அடித்து, குழாயின் முனை முதல் அடுப்பு வரை தடவி, குமிழி வருகிறதா என்று குந்தியிருந்து பார்ப்பார். மூக்கு நன்றாக இருக்கும் மற்ற ஆட்கள் ஒரு தடவை மோந்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். கடைக்காரர்களுக்குப் பக்கிரிசாமி வந்தால்தான் நிம்மதி.

மூக்கில்லாததால் வேறு பதவிகளும் தேடி வந்தன. நாற்றத்துக்குப் பேர்போன டுரியான் பழப் பருவத்தில் முதலாளி பாலிக் பூலாவிலிருந்து லாரி நிறையப் பழம் ஏற்றிவரச் சொல்வது இவரைத்தான். கூடவரும் உதவியாள் கிளிஃபர்ட், முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடியே ஊர் வந்து சேர்வார். அடுக்குமாடியில் எங்காவது எலி செத்துக் கிடந்தால் பக்கிரிசாமிக்குத்தான் ஆள் வரும். மகள் ஷர்மினி கைக்குழந்தையாக இருந்தபோது துணி மாற்றியதெல்லாம் அவர்தான். "மூக்கில்லாத புருஷன் அமையுறது அவ்வளவு சுலபம் இல்ல" என்று காமினி அக்கம்பக்கத்தில் பெருமை பேசுவார்.

மூக்குப் போனதை யாரும் நோயாக நினைக்கவில்லை. கண் மங்கியபோதுதான் வீடு விழித்தது.

அது மெதுவாக வந்தது. முப்பது வயதிலேயே இருட்டினால் அவருக்கு எதுவும் தெரியாது. வெளியே சொன்னதில்லை. பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குக் கூப்பிட்டால் கூட்டம் பிடிக்காது என்பார். சினிமா என்றால் தலைவலி என்பார். அப்படியும் ஒருநாள் காமினி சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனதில், சோயாப்பால் விற்பவரின் வாளிக்குள் ஒரு காலை விட்டு நின்றார். பிறகு பக்கப்பார்வை குறைந்தது. நேரே பார்த்தால் பத்திரிகை எழுத்துத் தெரியும். பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாது. போன வருடம் சூலியா தெருவில் நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியைப் பட்டப்பகலில் லாரியால் தட்டிவிட்டார். அன்றைக்கே சாவியைக் கிளிஃபர்டிடம் கொடுத்தார்.

"ஏன் அண்ணே?"

"நீ ஓட்டு. நான் வேடிக்கை பார்க்குறேன்."

"என்னாத்த பாப்பீங்க, அதான் தெரியலையே!" என்றார் கிளிஃபர்ட். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

தனியார் கிளினிக் ஒன்றில் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த நிபுணர், இது பரம்பரையாக வருவது, விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டே உள்ளே வரும், செய்ய ஒன்றுமில்லை என்றார். மூக்கைப் பற்றி அவர் கேட்கவில்லை. கண் வைத்தியரிடம் போய் மூக்கைப் பற்றிச் சொல்லப் பக்கிரிசாமிக்கும் தோன்றவில்லை.

செய்ய ஒன்றுமில்லை என்ற பேச்சையே ஏற்காதவர் ஒருவர் இரண்டு மாடி கீழே இருந்தார். அக்காள் குணவதி. பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். நூறு பெண்களை மணியடித்து வேலை வாங்கிய கை, வீட்டில் சும்மா இருக்குமா? தம்பியின் கண்ணை எடுத்துக்கொண்டது. ஞாயிறு தவறாமல் ஆட்டுக்கால் சூப். மற்ற நாளில் சோற்றின் மேல் இரண்டு கரண்டி நெய். காலையும் மாலையும் பசும்பால். இடையில் யாரோ சொன்னார்கள் என்று மீன் எண்ணெய் மாத்திரை. மார்க்கெட்டில் ஆட்டுக்கறிக் கடை வைத்திருக்கும் அலாவுதீன், கண்ணுக்கு நல்லது என்று கொழுப்புத் துண்டுகளைத் தனியாக எடுத்து வைப்பார். பக்கிரிசாமிக்காக ஊரே கூடிச் சமைத்தது. அவருக்கோ வாசனை தெரியாததால் ருசியும் பாதிதான் தெரியும். கொடுத்ததையெல்லாம் விழுங்கினார்.

கண் அப்படியும் கேட்கவில்லை. கார்த்திகையில் குணவதி அடுத்த கௌண்டருக்குப் போனார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குத் தம்பி பால்காவடி எடுப்பான், முருகா, கண்ணை மட்டும் விட்டுவிடு என்று வேண்டிக்கொண்டார். பக்கிரிசாமியைக் கேட்டுவிட்டு வேண்டவில்லை. வேண்டிவிட்டுச் சொன்னார்.

"ஒரு மண்டலம் விரதம். மத்தியானம் ஒருவேளை சோறு. மத்த நேரம் பாலும் பழமும்தான். நானும் துணைக்கு இருக்கேன். திருட்டுத்தனம் பண்ணுனா எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே."

தெரியும்தான். தம்பிக்கு இல்லாத மூக்கையும் சேர்த்து அக்காளுக்குக் கொடுத்திருந்தான் ஆண்டவன். யார் வீட்டில் என்ன குழம்பு என்று லிப்டுக்குள் நின்றே சொல்லிவிடுவார்.

பக்கிரிசாமி உண்மையாகவே விரதம் இருந்தார். மூன்று வாரத்தில் இடுப்புப் பட்டைக்குப் புதிதாக இரண்டு துளை போடவேண்டி வந்தது. கன்னம் ஒட்டியது. பார்த்தவர்களெல்லாம் முகத்தில் ஒரு தேஜஸ் வந்துவிட்டது என்றார்கள். நடை தள்ளாடியது, அருள் இறங்குகிறது என்றார்கள். ஒருநாள் சிலிண்டர் இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு காலில் செருப்பு இல்லை. எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியவில்லை. விழுந்ததே தெரியவில்லை. பாதம் அத்தனை மரத்துப் போயிருந்தது.

குணவதி கைகூப்பினார். "செருப்புப் போடாம நடன்னு அவரே கழட்டிட்டாருடா!"

"இன்னொண்ண ஏன் அக்கா விட்டுட்டாரு?" என்று கேட்டார் பக்கிரிசாமி.

அன்றிலிருந்து வெறுங்கால். கண்ணும் அந்த வாரத்தில் இன்னும் சுருங்கியது. கிளிஃபர்டின் முகத்தைப் பார்த்தால் அவர் காது தெரியவில்லை. பக்கிரிசாமிக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. அதை அக்காளிடம் சொல்லவில்லை. விரதத்தில் குறை வந்துவிட்டது என்று பாலைக் கூட்டிவிடுவார். கிளிஃபர்டிடம் சொன்னார். அரசாங்க ஆஸ்பத்திரியில் எப்போதோ பதிந்து வைத்திருந்த முறை அந்த வியாழக்கிழமை வந்தது. கிளிஃபர்ட் காலி சிலிண்டர்கள் கடகடக்க லாரியிலேயே கொண்டுபோய் இறக்கினார்.

கண் பிரிவில் இருந்தவர் டாக்டர் வனேசா. முப்பது வயது இருக்கும். கண்ணுக்குள் பார்த்தார். நிமிர்ந்தார். பிறகு சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தார்.

"அண்ணே, இப்ப இங்க என்னா வாசனை வருது?"

"வருதா?"

டாக்டர் தன் கோப்பித்தூள் டப்பாவைத் திறந்து அவர் மூக்கடியில் பிடித்தார். பக்கிரிசாமி மரியாதைக்காக இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"மூக்கு நமக்கு எப்பவுமே இல்லீங்க டாக்டர்."

"டுரியான் ஏத்துனா நான்தான் சாவேன், இவரு பாட்டு பாடிக்கிட்டு வருவாரு" என்றார் கிளிஃபர்ட்.

"காலைக் காட்டுங்க."

பக்கிரிசாமி கிளிஃபர்டைப் பார்த்தார். கிளிஃபர்ட் தோளைக் குலுக்கினார். வெறுங்காலை நாற்காலி மேல் தூக்கி வைத்ததும் டாக்டர் குனிந்து, நான்காவது விரலைப் பிடித்துப் பார்த்தார். மற்ற விரல்களோடு சேராமல், வரிசையில் பின்னால் தள்ளி நிற்கும் குட்டை விரல். இரண்டு காலிலும்.

"பொறந்ததுலேருந்தே இப்பிடியா?"

"அது எங்க குடும்ப முத்திரை டாக்டர். எங்க சித்தப்பாவுக்கும் இருந்துச்சி."

"அவருக்குக் கண்ணு?"

"அவரு குடிகாரரு. பொழுது சாஞ்சா தள்ளாடிக்கிட்டே வருவாரு. அல்லூர் சாக்கடையில விழுந்துதான் செத்தாரு."

"உங்க அப்பா அம்மா சொந்தமா?"

"அம்மாவோட சொந்த மாமாதான் அப்பா. தாத்தா பாட்டியும் அத்தை பிள்ளை, மாமன் பிள்ளை. நாங்க வெளிய பொண்ணு தேடுறதே இல்ல. நான்தான் மொதல்ல வேலி தாண்டி சுங்கை பாக்காப் ஊருல கட்டுனேன். அதுக்கு அக்கா ரெண்டு வருஷம் பேசல."

டாக்டர் வனேசா நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, நல்லா கேளுங்க. கண்ணுக்குப் பின்னால ஒரு திரை இருக்குல்ல, அதுல வெளிச்சத்தப் பிடிக்கிற எடம் பாதி கொழுப்பாலயே கட்டுன வீடு. நல்ல கொழுப்பு. ஆனா பால், நெய், ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, சில மீனு, இதுலயெல்லாம் கோணலா ஒரு கொழுப்பு வருது. அத வெட்டிப் போடுற கத்தரி எல்லாரு உடம்புலயும் இருக்கும். உங்களுக்கு அந்தக் கத்தரி இல்லன்னு நெனைக்கிறேன். அப்பா கிட்டேருந்து ஒரு ஒடஞ்ச கத்தரி, அம்மா கிட்டேருந்து ஒண்ணு. அந்தக் கோணல் கொழுப்பு போக வழி இல்லாம கண்ணுல, நரம்புல, மூக்குல பூந்து உக்காருது."

"அப்ப மீன் எண்ணெய் மாத்திரை? அது கண்ணுக்கு நல்லதுன்னு..."

"உங்கள மாதிரி பரம்பரைக் கண்ணு நோய் இருக்குறவங்க பல பேருக்குக் குடுத்துப் பார்த்துட்டாங்க. பெருசா ஒரு பலனும் தெரியல. உங்களுக்கு வேணாம். இப்ப என்னா சாப்புடுறீங்க?"

பக்கிரிசாமி பெருமையோடு சொன்னார். விரதம். ஒருவேளை. பால்.

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். "எவ்வளவு எடை கொறைஞ்சிருக்கு?"

"நல்லா கொறைஞ்சிருச்சி!"

"இத்தனை வருஷமா சேர்ந்தது எங்க இருந்துச்சி தெரியுமா? உங்க தொப்பையில. பட்டினி கெடந்தா தொப்பை கரையும். கரைஞ்சா உள்ள இருந்தது மொத்தமா ரத்தத்துல எறங்கும். மேல பாலையும் ஊத்துறீங்க. இன்னைக்கே சாப்புடுங்க. சோறு, சக்கரை, ரொட்டி. ஒரு வேளை விடக்கூடாது. பாலு, நெய்யி, ஆடு, மாடு கிட்டயே போகாதீங்க."

"கோழி?" என்றார் கிளிஃபர்ட்.

"சாப்புடலாம்."

"பன்றி?"

"அதுவும் சாப்புடலாம்."

"அலாமாக்!" கிளிஃபர்டின் முகம் மலர்ந்தது. "அண்ணே, சாமிக்குப் படைக்கிறதெல்லாம் உங்களுக்கு விஷம். கோப்பிக் கடையில பொரிக்கிறதெல்லாம் மருந்து. இப்பிடி ஒரு சீக்கு எனக்கு வரலையே!"

பக்கிரிசாமி சிரிக்கவில்லை. "இது உறுதியா டாக்டர்?"

"இல்ல. ரத்தம் வெளிநாட்டுக்குப் போகணும். முடிவு வர தைப்பூசம் தாண்டிரும். இப்போதைக்கு என்கிட்ட இருக்குறது உங்க மூக்கும் கால்வெரலும்தான்." அவர் சீட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். "நான் சொன்னது தப்புன்னா, விரதத்த அடுத்த வருஷம் எடுத்துக்கலாம். சரின்னா, அடுத்த வருஷம் தேர் பார்க்கக் கண்ணு வேணும்ல?"

தாய்லாந்து எல்லையிலுள்ள ஹட்யாய்க்கு அப்பால் போயிராத பக்கிரிசாமியின் இரத்தம் அன்றைக்கு விமானம் ஏறக் கிளம்பியது. அவர் லாரியில் வீட்டுக்குப் போனார். லாரியை விட விமானமே மேல் என்று தோன்றும்படியான பயணம் அது. என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வேண்டுதலை முறித்துக் கண் போனால், முறித்ததால்தான் போனது என்று ஆயுசுக்கும் கேட்கவேண்டும். விரதத்தைத் தொடர்ந்து கண் போனால், பேசுகிறவர்கள் யார் முகமும் தெரியாது.

மத்தியானச் சாப்பாட்டோடு குணவதி மேலே வந்திருந்தார். சொன்னதைக் கேட்டார். கேட்டு முடித்ததும் இடுப்பில் கையை வைத்தார்.

"கால்வெரலப் பார்த்துக் கண்ணு வைத்தியம் பண்றாளா? நாளைக்குப் பல்லு வலின்னு போனா முட்டியத் தட்டிப் பார்ப்பாளா?"

"அண்ணி, அந்த டாக்டர் சொல்றதுலயும்..." என்று ஆரம்பித்தார் காமினி.

"நீ சும்மா இரு. பாலு விஷமாம்! முருகன் தலையில கொடம் கொடமா ஊத்துறோம், அவருக்கு என்னா கண்ணு தெரியலையா?"

"அக்கா, செருப்பு விழுந்தது எனக்குத் தெரியல. கால் செத்துப்போயிருக்கு. அருளும் இல்ல ஒண்ணும் இல்ல."

"நம்பிக்கை இல்லாம பேசாதே பக்கிரி."

"சித்தப்பாவப் பத்தியும் கேட்டாங்க." பக்கிரிசாமி சோற்றுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னார். "அவருக்கும் இந்த வெரல். அவருக்கும் சாயங்காலமானா தள்ளாட்டம். குடிகாரருன்னு சொன்னேன். டாக்டர் ஒண்ணும் சொல்லல."

குணவதி இடுப்பிலிருந்து கையை எடுத்தார். காமினிக்கு ஆச்சரியமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாத்தனார் பேச்சின் நடுவில் கையை இறக்கியதைப் பார்த்ததில்லை.

பைராம் தோட்டத்தில் சித்தப்பாவை வேலை முடிந்து கூட்டிவரும் பொறுப்பு சின்ன வயதில் குணவதிக்குத்தான். செம்பனை வரிசைகளுக்கு நடுவே அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருவார். எதிரே வருபவர்கள், இன்னைக்கும் ஏத்திட்டாரா என்று சிரிப்பார்கள். சித்தப்பாவும் சேர்ந்து சிரிப்பார். கண் தெரியவில்லை என்று சொன்னால் வேலை போய்விடும். குடிகாரனுக்குத் தோட்டத்தில் வேலை உண்டு.

"அவரு மேல கள்ளு வாசனை வந்ததே இல்லடா" என்றார் குணவதி. குரல் இறங்கியிருந்தது. "ஒருநாளும் வந்தது இல்ல. கையப் பிடிச்சிக்கிட்டுப் பக்கத்துலதான் நடப்பேன். எனக்குத் தெரியாமயா இருக்கும்? வேர்வை வரும், பீடி வாசனை வரும். கள்ளு வந்ததே இல்ல. எல்லாரும் சொன்னாங்கன்னு நானும் சொன்னேன்."



பக்கிரிசாமி மேசை மேலிருந்த பால் சொம்பைக் கையால் துழாவி எடுத்து, அக்காளின் பக்கம் நகர்த்தினார். "இது எனக்கு வேணாம் அக்கா. வேற ஏதாச்சும் போடு. பசிக்குது."

குணவதி சொம்பைப் பார்த்தார். தம்பியின் காலைப் பார்த்தார். பிறகு சோற்றில் ஊற்றியிருந்த நெய்யோடு தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய், புதுச் சோறு போட்டு, வெறும் பருப்பை ஊற்றிக் கொண்டுவந்து வைத்தார். வைத்த வேகத்தில் தட்டு அதிர்ந்தது.

"தின்னு. மூணு வேளையும் தின்னு. மிச்ச விரதத்த நான் முடிக்கிறேன். காவடி இல்லாட்டி பால்கொடம். என் தம்பி கண்ணுன்னு நான் கேட்டேன், நானே தூக்குறேன். முருகனுக்கு ஆள் யாருன்னா என்னா?"

பக்கிரிசாமி தின்றார். சாயங்காலம் கிளிஃபர்ட் கோழி போட்ட குவே தியாவ் நூடுல்ஸைப் பொட்டலம் கட்டித் தாப்பாவ் பண்ணி வந்தார். அதையும் தின்றார்.

தைப்பூசத்தன்று பட்டப்பகலில் குணவதி பால்குடத்தோடு தண்ணீர்மலை ஏறினார். பக்கத்தில் பக்கிரிசாமி. பசி எடுக்கக்கூடாது என்ற உத்தரவுப்படி கச்சாங் கடலைப் பொட்டலத்தைக் கொறித்துக்கொண்டே நடந்தார். பக்தர்கள் முறைத்தார்கள். ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் மோரையும் பாலையும் நீட்டினார்கள். இவர் மோரைத் தள்ளிவிட்டு வெறும் சிராப் சர்பத் கேட்டார்.

"சாமிக்குப் போட்ட பந்தல்ல மோர வேணாங்கிறாரு பாரு" என்றார் பந்தலில் நின்ற ஒருவர்.

"அவனுக்கு ஆகாது!" என்று குடத்தின் கீழிருந்து சத்தம் போட்டார் குணவதி. "ஆகாதுன்னா விடேன்!"

தைப்பூசம் முடிந்த இரண்டாவது வாரம் முடிவு வந்தது. டாக்டர் வனேசா எண்ணைச் சொன்னதும், எவ்வளவு இருக்கணும் என்று குணவதி கேட்டார். பத்துக்குள்ள என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்ததும் குணவதி மீதியிருந்த நெய் டப்பாவை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். பக்கிரிசாமியின் இரத்தத்தை வெளியே எடுத்து, வடித்து, உள்ளே விடும் சிகிச்சை மூன்று முறை நடந்தது. பாதத்தில் சூடும் குளிரும் திரும்பத் தெரிகின்றன. காலில் என்ன மிதிபடுகிறது என்று இப்போது தெரிவதால் அவர் அடிக்கடி கத்துகிறார்.

கண்ணில் போனது போனதுதான். வராது என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். இருப்பது நிற்குமா என்பதுதான் கேள்வி. ஓட்டுநர் உரிமத்தைப் பக்கிரிசாமி புதுப்பிக்கவில்லை. லாரியைக் கிளிஃபர்ட் ஓட்டுகிறார். இவர் கடைக்குள் குந்தி நுரை தடவுகிறார்.

ஜூன் மாதம் அவருடைய பார்வைப் புலத்தை மறுபடி அளக்கிறார்கள். கூடப் போகிறவர் குணவதி. ஒரே தாய் தகப்பன் பிள்ளை என்பதால் அன்றைக்கே அவருக்கும் இரத்தம் எடுக்கிறார்கள்.